புல் தீ: ஏரியா பசங்களை வைத்து ஒரு குழு ஆரம்பிக்கலாமா? (மணலி புதுநகர் பக்கம்)

மணலிபுதுநகர்வாசி:

வணக்கம். எங்கள் வீடு மணலி புதுநகரில் கடைசி வரிசை. வீட்டுக்குக் கிழக்கே மதில் எதுவும் கிடையாது. வேலிகாத்தான், கோரை, ஆள் உயரத்துக்கு நாணல், நடுநடுவே கல் நட்டுப் போட்ட காலி மனைகள், அதையும் தாண்டினால் கொசஸ்தலை ஆறு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு முளைத்ததெல்லாம் மாசி பிறந்தால் காய்ந்து மொறமொறவென்று நிற்கும். அப்புறம் என்ன, சித்திரை முடிகிற வரைக்கும் ஏதாவது ஒரு மூலை எரிந்துகொண்டேதான் இருக்கும். பீடித் துண்டா, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்களா, மனையைச் சுத்தம் செய்யக் கூலி கொடுக்க மனசில்லாமல் தீக்குச்சியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களா, தெரியாது. யாரும் இதுவரை பிடிபட்டதில்லை.

101க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வண்டி எங்கள் தெருமுனையோடு நின்றுவிடும், அதற்கு மேல் பாதையே இல்லை, சேறும் புதரும்தான். ஓஸ் எட்டுகிற மட்டும் அடிப்பார்கள், மீதியை அவர்களும் எங்களோடு சேர்ந்து கிளையை ஒடித்துத்தான் அடிக்கிறார்கள். போன பங்குனியில் காலையில் ஆற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த தீ, சரி அப்படியே ஆற்றங்கரையில் போய் அணைந்துவிடும் என்று நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் திரும்பி வந்து கடைசி வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தொட்டுவிட்டது. கீற்றைப் பிடுங்கிக் கீழே தள்ளியதால் மாடுகள் பிழைத்தன. அன்றைக்கு முன்னால் நின்றவர்கள் எங்கள் ஃபுட்பால் டீம் பசங்கள்தான், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் கிராமத்து ஜனங்களே சம்பளம் வாங்காமல் தீயணைப்புப் படையாக இருக்கிறார்கள், விவசாயி, கடைக்காரர், டீச்சர் எல்லாரும் சைரன் அடித்தால் ஓடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மாதிரி இங்கே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று தோன்றுகிறது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? ஏரியாவில் வசூல் பண்ணினால் ஒரு தொகை தேறும். பம்பு செட், ஹெல்மெட் இதெல்லாம் எங்கே கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய ஃபயர்மேன்:

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் வடசென்னையில்தான். நீங்கள் சாமான் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கதையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டீர்கள். தீ ஏன் திரும்பியது?

பங்குனி சித்திரையில் காலையில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும், அதாவது மேற்கில் இருந்து. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே வரும். எண்ணூர் கரைக்கும் உங்கள் ஊருக்கும் அதிக தூரம் இல்லை என்பதால் பதினொன்றரை, பன்னிரண்டு, ஒரு மணிக்குள் வந்துவிடும். வைகாசியில் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அதுவரைக்கும் கிழக்கே ஆற்றைப் பார்த்து ஓடிய தீ, காற்று திரும்பின சில நிமிஷத்தில் மேற்கே உங்கள் வீட்டைப் பார்த்து ஓடும். அதுவும் எப்படி? காலையில் அது ஒரு முனையாக, குறுகலாகப் போயிருக்கும், பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு போலச் சின்னச் சுடராக நின்றிருக்கும். காற்றுத் திசை மாறினால் அந்த நீளக் கோடு அப்படியே முன்வரிசையாகிவிடும். காலையில் பத்து ஆள் சமாளித்த தீ மதியம் நூறு ஆளாலும் முடியாது என்பது இதனால்தான். நீங்கள் சாப்பிடப் போன நேரம் மிகச் சரியாகத் தப்பான நேரம்.

ஆகவே குழு ஆரம்பித்தால் முதல் உத்தியோகம் யாருக்குத் தெரியுமா? தீயை அடிக்காமல், ஓரமாக ஒரு மேட்டில் நின்று காற்றையும் புகையையும் மட்டும் பார்க்கிற ஆளுக்கு. நல்ல தெம்பான பையனை இதற்குப் போட மனசு வராது, ஆனால் போட வேண்டும். அவன் கையில் விசில். அவன் ஊதினால் யாரும் ஏன் என்று கேட்காமல் வெளியே வந்துவிட வேண்டும். எரிகிற புகை சாய்ந்து போகாமல் நேராக மேலே எழும்பத் தொடங்கினால் காற்று மாறப்போகிறது என்று அர்த்தம், அந்தக் கொஞ்ச நேர அமைதியை நம்பி உள்ளே போய்விடாதீர்கள்.

இரண்டாவது, நிற்கிற இடம். எரிந்து முடிந்த பக்கம்தான் உங்கள் இடம். காய்ந்த புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு எதிரே வருகிற தீயை அடிக்கக் கூடாது. தீ எங்கே ஆரம்பித்ததோ அந்த வால் பக்கத்தில் இருந்து தொடங்கி, கருகின தரையிலேயே கால் வைத்து, பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே முன்னேற வேண்டும். காற்று திரும்பினால் நீங்கள் ஏற்கனவே எரிந்த இடத்தில் நிற்கிறீர்கள், அங்கே எரிய ஒன்றும் மிச்சம் இருக்காது. செருப்பு போட்டுக்கொண்டு கருகின தரையில் நடக்க முடியாது, ஆகவே தோல் பூட்ஸ்.

மூன்றாவது, அடிக்கிற விதம். நனைத்த கோணியைத் தலைக்கு மேல் ஓங்கி ஓங்கி அடிப்பதைத்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறேன். ஓங்கும்போது காற்றை வீசிக் கொடுக்கிறாய், எடுக்கும்போது பொறியைப் பறக்கவிடுகிறாய், அந்தப் பொறி உன் முதுகுக்குப் பின்னால் போய் விழும். கோணியைத் தாழ இறக்கி, சுடரின் அடியில் வைத்து, ஒரு கணம் அழுத்திப் பிடித்து, எரிந்த பக்கமாக இழு. முழங்கால் உயரத்துக்கு மேல் சுடர் இருந்தால் கோணி, கிளை எதுவும் வேண்டாம், விலகிவிடு.

நான்காவதுதான் உங்கள் ஏரியாவுக்கே உரியது. ஊர்ப்பக்கம் புல் எரிந்தால் புல்தான் எரியும். நம் பக்கம் புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று எரிந்த பிறகுதான் தெரியும். டயர், கெமிக்கல் டிரம், பெயிண்ட் டப்பா, மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக். அந்தப் புகையைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டெல்லாம் தாங்க முடியாது. கரும்புகை வந்தால் அது புல் தீ இல்லை, பசங்களை வெளியே இழுத்துவிடுங்கள். தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி போகிற இடத்தில் அடர்ந்த புகைக்குள் நிற்காதீர்கள், புகை வழியாகவே மின்சாரம் தரைக்குப் பாயும். பூமிக்கடியில் குழாய் போகிறது என்று போர்டு நட்ட இடத்தில் மண்வெட்டி போடாதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிற பக்கம் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் குழம்பாக இருக்கும், கால் இறங்கினால் எடுக்க முடியாது. தீக்குப் பயந்து கண்ணாடி விரியனும் நீங்கள் வருகிற வழியாகத்தான் வரும்.

சாமான்: பூச்சிமருந்து அடிக்கிற முதுகு ஸ்பிரேயர், 16 லிட்டர், நாலு போதும். புதிதாக வாங்குங்கள், மருந்து அடித்த பழையது வேண்டாம். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் சோப்பு கொஞ்சம் கலந்தால் புல்லில் வழிந்து ஓடாமல் ஊறும். மண்வெட்டி, அரிவாள், நீளக் கைப்பிடி போட்ட இரும்புப் பல் வாரி, விசில், குடிக்கத் தண்ணீர். பம்பு செட்டெல்லாம் இப்போது வேண்டாம், பம்பு இருந்தால் பசங்களுக்குத் தைரியம் வந்துவிடும்.

அனுமதி விஷயம்: பக்கத்து நிலையத்துக்கு நேரில் போய் நிலைய அலுவலரைப் பாருங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கும். 1944இல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மாண்ட நாள்தான் அந்த 14. அந்த வாரத்தில் செயல்விளக்கம் காட்டத் துறையே ஆட்களைத் தேடும், உங்கள் தெருவுக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் உங்கள் ஏரியாவில் அதற்குள் பாதி எரிந்து முடிந்திருக்கும், ஆகவே தை மாதமே போய் ஒரு முறை பேசிவிடுங்கள்.


தண்டையார்பேட்டை குசும்பன்:

வரி கட்டுகிறது நாம், மனை வாங்கிப் போட்டுவிட்டு அண்ணா நகரில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறது வேறு ஒருவர், அவர் இடத்தில் புல் எரிந்தால் அணைக்கப் போய் முடியைப் பொசுக்கிக்கொள்கிறது நம் வீட்டுப் பிள்ளையா? நல்லா இருக்குப்பா கதை. 2011லேயே மணலியை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள், 1913க்கு அடித்துப் புதர் வெட்டச் சொல்லுங்கள். காலி மனையைப் புதர் மண்டவிட்ட ஓனருக்கு நோட்டீஸ் போகட்டும். நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இதுதான், கோணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

இன்னொன்று. வேண்டுமென்றே கொளுத்துகிறவனை விட்டுவிட்டு அணைக்கிறவனுக்கு மட்டும் டிரெயினிங் கொடுத்தால், அவனுக்கு இன்னும் வசதி. தீ வைத்தால் இலவசமாக அணைத்துக் கொடுக்க ஒரு டீம் ரெடி என்று தைரியமாகக் கொளுத்துவான்.


மெல்பர்ன் வியாசர்பாடியான்:

நான் வியாசர்பாடி. இப்போது விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னில் இருந்து தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கேட்டவர் சொன்ன அந்தச் சம்பளமில்லாத படையில் நானும் ஒருவன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அதன் பெயர் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி, எல்லாரும் சிஎஃப்ஏ என்பார்கள். 1939 ஜனவரியில் 71 பேரைக் கொன்ற ஒரு பெருந்தீ, அப்புறம் 1944இல் மறுபடியும் தீ, இதற்குப் பிறகுதான் கிராமத்துக்குக் கிராமம் தனித்தனியாக இருந்த குழுக்களை ஒன்று சேர்த்து 1945இல் இதை ஆரம்பித்தார்கள். இப்போது மாநிலம் முழுவதும் சுமார் 1200 குழுக்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இருக்கிற கிராமத் தீயணைப்புப் படை இதைவிடப் பெரியது, சுமார் 70,000 பேர். கேட்டால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் ஊர் ஜனம் ஆர்வத்தில் ஓடுகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பின்னால் சட்டம் இருக்கிறது, வண்டி அரசாங்கப் பணத்தில் வாங்கியது, காயம் பட்டால் நஷ்டஈடு உண்டு, பயிற்சி முடிக்காதவனை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

அந்தப் பயிற்சி விதி எப்படிக் கறாரானது என்பதைச் சொன்னால் பழைய ஃபயர்மேன் ஐயா சொன்னது எவ்வளவு முக்கியம் என்று புரியும். 1998 டிசம்பர் 2ஆம் தேதி, லின்டன் என்ற சின்ன ஊர்ப் பக்கம் காட்டுத்தீ. ஜீலாங் மேற்கு குழுவின் டேங்கர் ஒன்று தீயின் பக்கவாட்டில் வேலை செய்துவிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காற்று திசை மாறியது. பக்கவாட்டுத் தீ முன்வரிசையாகி வண்டியை மூடிக்கொண்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்துபோனார்கள், ஐந்து பேரும் தன்னார்வலர்கள். காற்று மாறும் என்பது முன்னறிவிப்பிலேயே இருந்தது. அதன் மேல் நடந்த விசாரணைக்குப் பிறகுதான் குறைந்தபட்சப் பயிற்சி இல்லாமல் யாரும் தீக்குப் போகக் கூடாது என்று ஆனது. இன்றைக்கும் டேங்கரில் கடைசிப் பங்குத் தண்ணீரைத் தீயின் மேல் அடிக்க மாட்டோம், அது உள்ளே இருப்பவர்கள் உயிருக்கு. இங்கே வடமேற்கில் இருந்து வருகிற அனல் காற்று தென்மேற்குக்குத் திரும்பும், எண்ணூரில் மேல்காற்று கடற்காற்றாகத் திரும்பும். திசை வேறு, நடக்கிறது அதேதான். நான் சின்ன வயசில் காசிமேட்டில் மதியம் ஜில்லென்று வரும் அந்தக் காற்றை ரசித்தவன், தீக்கு அதுவே எமன் என்று இங்கே வந்துதான் படித்தேன்.

புல் தீயைப் பற்றி: காட்டுத் தீயைவிடச் சின்னது என்று அலட்சியப்படுத்துகிறார்கள், வேகத்தில் அது காட்டுத் தீயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நன்றாகக் காய்ந்த புல்லில், திறந்தவெளியில், பலத்த காற்று இருந்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. உங்கள் ஃபுட்பால் பையன் பந்தோடு அந்த வேகத்தில் ஓடுவான், பூட்ஸோடு புதருக்குள் ஓட மாட்டான். ஆனால் புல் தீக்கு ஒரு பலவீனமும் உண்டு, ஒரே இடத்தில் நிற்காது, சில விநாடியில் எரிந்துவிட்டு நகர்ந்துவிடும், அடுத்த பிடி புல் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதனால் தீ வராத காலத்தில் புல்லை வெட்டுவதுதான் எங்கள் வேலையில் பாதி. வீட்டைச் சுற்றிப் புல் 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அந்த உயரத்தில் தீப் பிடித்தாலும் சுடர் தாழ இருக்கும், அணைத்துவிடலாம். புல் எத்தனை சதவீதம் காய்ந்திருக்கிறது என்று வயலில் போய்ப் பார்த்துக் கணக்கு எடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் துணி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபுட்பால் டீம் என்றதும் எனக்குப் பக்கென்றது. ஜெர்ஸி போட்டுக்கொண்டேதானே ஓடியிருப்பார்கள்? அது பாலியஸ்டர். அனல் பட்டாலே சுருங்கும், பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும், ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடுதான் உரிப்பார்கள். லுங்கி பருத்திதான், ஆனால் மடித்துக் கட்டினால் முழங்கால் வெறுமனே நிற்கும். கெட்டியான பருத்தி ஜீன்ஸ், முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை. வசூல் செய்கிற காசில் முதலில் இதை வாங்குங்கள்.

குசும்பன் அண்ணனுக்கு: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இங்கேயும் ஓனர் புல்லை வெட்டாவிட்டால் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பும், அப்படியும் வெட்டாவிட்டால் ஆள் வைத்து வெட்டிவிட்டு பில்லை ஓனருக்கு அனுப்பும். ஆனால் நோட்டீஸ் போய்ச் சேருகிற வரைக்கும் தீ காத்திருக்காதே.


மணலிபுதுநகர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, கடற்காற்று விஷயத்தை இப்போது படித்தபிறகு யோசித்தால், எங்கள் பக்கம் பெரிதாக எரிந்ததெல்லாம் மதியத்துக்கு மேல்தான். பசங்களிடம் வாசித்துக் காட்டினேன். விசில் வேலைக்கு எல்லாரும் கோல்கீப்பரைக் கை காட்டுகிறார்கள், அவனுக்குத்தான் கோபம்.

ஜெர்ஸிதான் அண்ணா, நீங்கள் நினைத்தது சரி. ஒருத்தனுக்குத் தோளில் பொட்டுப் பொட்டாகத் தீக்காயத் தழும்பு இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, எதிர்த்தீ வைத்து அணைப்பது என்று வீடியோவில் காட்டுகிறார்களே, நாம் வீட்டுப் பக்கம் இருந்து கொளுத்திக்கொண்டு போனால் என்ன? இரண்டாவது, பசங்களுக்கு ஏதாவது ஆனால் அவர்கள் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது? இன்சூரன்ஸ் மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?


பொன்னேரிக்காரி:

தம்பி, நான் பொன்னேரிப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்களுக்கு இது புதுசு இல்லை. சம்பா அறுத்ததும் வைக்கோல் போர் போட்டு வைத்திருப்போம், தை மாசியில் ஒரு பொறி போதும், வருஷத்துக்கான மாட்டுத் தீவனமும் போய்விடும். வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி தாழத் தொங்குகிற கம்பியில் உரசிப் பிடித்துக்கொள்வதும் நடக்கும். எங்கள் ஊரில் குழு, சங்கம் என்று பெயர் எதுவும் கிடையாது. ஆனால் போரைச் சுற்றி டிராக்டரில் இரண்டு சால் ஓட்டி மண்ணைப் புரட்டிவிடுவார்கள், வரப்புப் புல்லை மாடு மேய்ந்துவிடும். எரிவதற்கு ஒன்றும் இருக்காது.

நீங்கள் எல்லாம் ஆம்பளைப் பசங்களையே பேசுகிறீர்கள். மதியம் ஒரு மணிக்கு எந்தப் பையன் வீட்டில் இருக்கிறான்? கம்பெனிக்குப் போயிருப்பான், காலேஜுக்குப் போயிருப்பான். புகையை முதலில் பார்க்கிறது துணி காயப்போட மாடிக்குப் போகிற பொம்பளைகள்தான். 101க்குப் போன் போடுவது, கேஸ் சிலிண்டரை அணைத்து வெளியே நகர்த்துவது, கிழவர்களையும் குழந்தைகளையும் தெருவின் மேற்குப் பக்கம் கூட்டிப் போவது, மாட்டை அவிழ்த்துவிடுவது, இதற்கெல்லாம் யார் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். கட்டிப்போட்ட மாடு கண் முன்னால் வேகிறதைப் பார்த்தவள் நான், அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இன்னொரு விஷயம், கொளுத்துகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. எருமை வைத்திருக்கிறவர்கள் பழைய கோரையைக் கொளுத்தினால் இளம்புல் துளிர்க்கும் என்று வைப்பார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது, சின்னச் சின்னத் திட்டாக, ஆள் நிற்க வைத்துக் கொளுத்துங்கள் என்று நாங்கள் பேசி முடித்தோம். இப்போது கொளுத்துவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள்.


பழைய ஃபயர்மேன்:

அந்த அம்மா சொன்னதைத்தான் நானே எழுதியிருக்க வேண்டும். பகல் நேரத்தில் ஆள் இல்லாத ஊரில் பசங்களை நம்பிக் குழு போட்டால் அது ஞாயிற்றுக்கிழமைக் குழு. ஒரே ஒரு திருத்தம், பனி ஈரத்தில் திட்டுத் திட்டாகக் கொளுத்துவது நாலு பக்கமும் உழுத நிலம் இருக்கிற பொன்னேரிக்குச் சரி. உங்கள் பக்கம் குப்பையும் வீடும் நெருங்கிக் கிடக்கிற இடத்தில் யாரும் கொளுத்த வேண்டாம். கொளுத்தினது பரவி ஆபத்தானால் கேஸ் உங்கள் மேல்தான்.

எதிர்த்தீக்கும் அதே பதில். கூடவே கூடாது. எங்கள் ஆட்களே அதைத் தொடத் தயங்குவார்கள். உங்கள் கணக்கில் இரண்டு தீயும் நடுவில் சந்தித்துச் செத்துவிடும். கடற்காற்று நேரத்தில் நீங்கள் வைத்தது நேராகத் தெருவுக்குள் வரும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அங்கேயும் காய்ந்த புல்தான். தீ எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துச் சொல்ல முடிகிற இடத்தில்கூட அதை நம்பக் கூடாது.

இன்சூரன்ஸ்: பேங்க் கணக்கு வைத்திருக்கிற 18 வயசுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரட்டும். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம் வரும். மருத்துவச் செலவுக்கு அது வராது, அதையும் பசங்களிடம் சொல்லிவிடுங்கள். 18 வயசுக்குக் கீழே இருக்கிறவனைத் தீப்பக்கமே விடாதீர்கள், எவ்வளவு நன்றாக ஃபுட்பால் ஆடினாலும் சரி. தீக்காயம் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரில் காட்ட வேண்டும். பேனா மை, டூத்பேஸ்ட், முட்டை எதுவும் தடவக் கூடாது, ஐஸும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

முறையாகப் பயிற்சி வேண்டுமென்றால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் என்று ஒன்று உண்டு, பொதுஜனத்தில் இருந்து தன்னார்வலர்களை எடுத்துப் பேரிடர் மீட்புக்குப் பயிற்சி கொடுப்பது. வெள்ளத்தை மனதில் வைத்து ஆரம்பித்ததுதான், ஆனாலும் முதலுதவி, ஆட்களை வெளியேற்றுவது எல்லாம் அதில் வரும். கலெக்டர் ஆபீஸில் பேரிடர் பிரிவில் கேளுங்கள். 2018இல் மாவட்ட எல்லையை மாற்றியதில் உங்கள் ஊரைச் சுற்றிப் பாதி சென்னையாகவும் பாதி திருவள்ளூராகவும் ஆகிவிட்டது, உங்கள் தெரு எதில் வருகிறது என்று ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஆபீஸுக்கும் அலைவீர்கள்.


தண்டையார்பேட்டை குசும்பன்:

எல்லாம் சரி ஐயா, கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பிடிக்கிறதே, அதற்கும் இந்தக் கோணியும் ஸ்பிரேயரும்தானா?


பழைய ஃபயர்மேன்:

அது புல் தீ இல்லை. வருஷக்கணக்காகக் கொட்டின குப்பை அழுகி வாயு உண்டாகி, அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் புகை அடங்கின மாதிரி தெரியும், அடுத்த நாள் பத்தடி தள்ளி வெடிப்பில் இருந்து வரும். மண்ணைக் கொட்டி மூடி, மிஷின் வைத்துக் கிளறிக் கிளறித்தான் அணைக்க முடியும். அங்கே தன்னார்வலர் யாரும் போகக் கூடாது. ஆனால் உங்கள் கேள்வியில் இவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது: கோரை மண்டின சதுப்பில் வேர் அடர்ந்து மெத்தை மாதிரி இருக்கும், மேலே அணைந்தாலும் அது உள்ளே புகைந்துகொண்டிருக்கும். புறங்கையைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, சூடு தெரிகிற இடத்தைக் கொத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி ஒரு முறை டார்ச் இல்லாமல் போய்ப் பாருங்கள், இருட்டில் கங்கு தெரியும்.


மணலிபுதுநகர்வாசி:

சரி ஐயா. நாங்கள் பேசி முடிவு செய்தது: தை மாதம் பொங்கல் முடிந்த வாரமே கடைசி வரிசை வீடுகளுக்கும் புதருக்கும் நடுவில் 3 மீட்டர் அகலத்துக்கு, தெரு நீளத்துக்கும் மண் தெரிகிற அளவுக்குச் சுத்தம் செய்யப்போகிறோம். வசூல் காசில் பாதி ஜேசிபி வாடகைக்கு, மீதி ஜீன்ஸுக்கும் கையுறைக்கும் ஸ்பிரேயருக்கும். பம்பு செட் இல்லை. மாடியில் இருந்து பார்க்கிற அக்காமார் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குரூப். நிலையத்துக்கு நாளைக்குப் போகிறேன்.

ஒரே சிக்கல், அந்த 3 மீட்டரில் இரண்டு மனை யாருடையது என்றே தெரியவில்லை. கல் இருக்கிறது, ஆள் இல்லை. ஜேசிபி இறக்கினால் நாளைக்கு ஒருத்தர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவாரா?


தண்டையார்பேட்டை குசும்பன்:

வருவார். கண்டிப்பாக வருவார். முதலில் சர்வே நம்பரைக் கண்டுபிடித்து ஆன்லைனில் பட்டா பாருங்கள், பெயர் கிடைக்கும். மாநகராட்சி மண்டல ஆபீஸில் எழுத்தில் ஒரு மனு கொடுத்து, வாங்கின சீலோடு ஒரு காப்பி கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி கல்லைத் தொடாமல் புல்லை மட்டும் வழிக்கட்டும், முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். அந்த ஓனர் வரும் அன்றைக்கு என்னையும் கூப்பிடுங்கள், பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.